வீட்டுச் சாவி யார் இடுப்பில்?

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. அரசு கேபிள் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் டிவி இருண்டு போனது. வயர் அறுபடவில்லை. செட்டாப் பாக்ஸ் பழுதாகவில்லை. மாதச் சந்தாவும் கட்டியாகியிருந்தது. தமிழ்நாடு முழுவதும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இப்படி நின்றன. பாக்ஸைத் திறந்துவிடும் மென்பொருளை நடத்திவந்த தனியார் நிறுவனத்துக்கும் அரசு கேபிள் நிறுவனத்துக்கும் இடையே தகராறு. போலீஸ் புகார், கைது வரை விவகாரம் போனது. பிறகுதான் படம் திரும்பியது.

மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவில் அன்று எல்லோரும் கேபிள்காரத் தம்பிக்குத்தான் போன் போட்டார்கள். பாவம், அவரிடம் பதில் இல்லை. அவர் கையில் இருந்தது வயர் மட்டும். 2017 முதல் இலவசமாக வீடு தேடி வந்த அந்தப் பெட்டிக்குச் சாவி ஒன்று உண்டு, அது நம்மிடமும் இல்லை, அவரிடமும் இல்லை என்பது பல வீடுகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாவிக்கொத்தின் அருமை தெரியும். அது யார் இடுப்பில் தொங்குகிறதோ, அவர் சொல்தான் அந்த வீட்டில் செல்லும். டிவி இரண்டு நாள் ஓடாவிட்டால் பொழுது போகாது, அவ்வளவுதான். இன்று, சாவி வேறொருவரிடம் இருக்கும் அதே ஏற்பாடு விளக்கு, மின்விசிறி, மோட்டார், அழைப்பு மணி, கேமரா, வாசல் பூட்டு என்று வீட்டின் உள்ளே வந்துவிட்டது. ஸ்மார்ட் ஹோம் என்ற பெயரில் அதை நாமே காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம். கொடுத்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போய் இன்னொன்றுக்கு மாற நினைக்கும்போது என்னென்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றிய சந்துகளிலும் செல்லூர், தல்லாகுளம் பக்கமும் பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முதியவர்கள் தனியாக வாழும் வீடுகள் எத்தனையோ. ராஜாஜி மருத்துவமனை நடக்கும் தூரத்தில் இருப்பது ஒரு தைரியம். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று போனில் பார்க்க முடிவது இன்னொரு தைரியம். முழங்கால் வலியோடு மாடி ஏறி மோட்டாரை நிறுத்த வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. 2019 இல் நானும் அதற்காகத்தான் வாங்கினேன்: நான்கு சுவிட்ச் போர்டுகள், மேல்தொட்டி மோட்டார், வாசல் மணி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஒரு ஹப். விற்ற நிறுவனம் சிறியது. பெயர் இங்கே வேண்டாம்.

நான்கு வருடம் நன்றாகவே ஓடியது. அதன்பின் அது கெட்டுப்போன விதத்தை வரிசையாகச் சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ள உதவும். முதலில் ஆப்புக்குப் புதுப்பிப்பு வருவது நின்றது. ஒரு வருடம் தாண்டிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அடுத்து சேவை எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கி, அதில் ஆப்பைப் போட்டு, உள்ளே நுழைய எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரவில்லை. பத்து முறை முயன்றும் வரவில்லை. ஒவ்வொரு ஓடிபி குறுஞ்செய்திக்கும் அனுப்பும் நிறுவனம் காசு கொடுக்க வேண்டும். கையில் பணம் வற்றும் நிறுவனத்தில் முதலில் நிற்கக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன, ஆனால் புதிதாக யாரும் உள்ளே போக முடியாது. அப்பாவின் பழைய போன் மட்டும் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் வேலை செய்தது. எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த போன் அது.

அன்று அதைக் கொடுத்திருந்தால் என் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். ஆகவே சொல்கிறேன்: சந்தேகம் வந்த நாளில் ஆப்பை அழிக்காதீர்கள், லாக் அவுட் செய்யாதீர்கள், பழைய போனைக் கைமாற்றாதீர்கள்.

என் வீட்டுக் கதை சின்னது. உலகத்தில் பெரிய பெயர்களே இதைச் செய்திருக்கின்றன. ரிவால்வ் என்ற ஹப் அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. 2014 அக்டோபரில் கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை மூடியதும் ஹப் வெறும் பிளாஸ்டிக் ஆனது. கருவியில் எந்தக் குறையும் இல்லை. லோஸ் என்ற பெரும் கடைச் சங்கிலியின் ஐரிஸ் தளம் 2019 ஜனவரி கடைசியில் அறிவித்து மார்ச் 31 அன்று நின்றது. இரண்டே மாத அவகாசம். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மென்பொருள் நிரலையும் பொதுவில் வைத்தார்கள். மூடுவதிலும் ஒரு மரியாதை உண்டு என்பதற்கு அது சாட்சி. விங்க் வேறு மாதிரி. மாதச் சந்தா இல்லை என்று சொல்லி விற்ற ஹப்புக்கு, 2020 மே 6 அன்று, இனி மாதம் 4.99 டாலர் கட்டாதவர்களுக்குச் சேவை இல்லை என்றார்கள். கொடுத்த அவகாசம் ஒரு வாரம். எதிர்ப்புக் கிளம்பியதும் தேதி தள்ளிப்போனது. போன நம்பிக்கை போனதுதான்.

இவற்றில் மனதை உறுத்துவது இன்ஸ்டியான். 2022 ஏப்ரல் நடுவில் எந்த அறிவிப்பும் இல்லாமல் சர்வர் அணைந்தது. காலையில் எழுந்தவர்கள் ஆப் வேலை செய்யாததைக் கண்டு, நம்மில் யாரும் செய்வதைத்தான் செய்யப் போனார்கள்: ஹப்பை ரீசெட் செய்வது. விஷயம் தெரிந்தவர்கள் அப்போது திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். ஹப்பின் நினைவில் வீட்டுக் கருவிகளின் இணைப்பு விவரம் இன்னும் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்தே அதோடு பேச வழி இருந்தது. ரீசெட் செய்தால் நினைவு துடைக்கப்படும்; மறுபடி பதிய வேண்டிய சர்வரோ உயிரோடு இல்லை. இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி சர்வரை எழுப்பினார்கள். அப்படி ஒரு முடிவு எல்லோருக்கும் வாய்க்காது.

மூடிப்போவது ஒரு வகை. மூடாமலே நம்பிக்கையைக் கெடுப்பது இன்னொரு வகை, எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும் என்று சொல்லி விற்ற யூஃபி கேமராக்கள், ஆள்முகம் தெரியும் சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியது 2022 நவம்பரில் வெளிப்பட்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படம் தெரிந்தது. அமேசானின் ரிங் நிறுவனத்தில் ஊழியர்களே வாடிக்கையாளர்களின் வீட்டுப் படங்களைப் பார்த்த விவகாரம் 2023 இல் 58 லட்சம் டாலர் கட்டி முடிந்தது. நம் நாட்டிலும் நடந்தது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. படுக்கையில் கிடந்த பெண்களுக்கு அங்கே கேமராவை யார் பராமரித்தார்கள் என்று கேட்கும் வாய்ப்புக்கூட இருந்திருக்காது.

ஒரு கோளாறால் திடீரென நிற்பது மூன்றாவது வகை. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். நம் ஊரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் கணினி மையத் தொகுதியில் ஒரு முகவரிப் பதிவுக் கோளாறு. அதோடு ரிங் கேமராக்கள், அலெக்ஸா என்று உலகின் பல இடங்களில் வீட்டுக் கருவிகள் மணிக்கணக்கில் பதில் சொல்லவில்லை. சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையில் இருப்பது எட்டடி வயர். கட்டளை மட்டும் கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது.

எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி போர்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, நெட்டு போனா ஃபேனும் போயிருமா?” போகாது, கையால் போடலாம் என்றேன். “அப்ப நெட்டு எதுக்குண்ணே?” என்றார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சேவை நிறுவனத்தை மாற்றுவது என்ற அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். 1999 இல் தமிழ்நாட்டில் தொடங்கி நம் வீடுகளில் புழங்கிய ஏர்செல், அந்த மாதம் கடைசி வாரத்தில் சிக்னல் இழந்தது. கடைகள் முன் கூட்டம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருந்தது. ஆனால் அதற்கான குறியீட்டைப் பெற 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், அந்தக் குறுஞ்செய்தி போவதற்கு ஏர்செல் சிக்னல் வேண்டும். வெளியேறும் கதவின் தாழ்ப்பாள் இடிந்துகொண்டிருந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிப்ரவரி 28 அன்று ஏர்செல் திவால் மனு கொடுத்தது. வங்கி, கேஸ் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு மாதம் முன்பே, ஆறு மாநில வட்டங்களில் ஏர்செல் கடையை மூடியபோதே, எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அப்போதே மாறியவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

அதே சமயத்தில் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் வயல்களில் இன்னொரு கருவி இருந்தது: பம்ப்செட்டுக்கு மாட்டும் மொபைல் ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும். கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் சொல்லும். நம் பக்கத்தின் முதல் ஸ்மார்ட் கருவி என்று நான் அதைத்தான் சொல்வேன். அதற்குள் ஏர்செல் சிம் போட்டிருந்தவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? மூடியைத் திறந்து வேறு கம்பெனி சிம்மைப் போட வேண்டும், அவ்வளவே. அதுவரைக்கும் பெட்டியின் முகப்பில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் இருக்கவே இருந்தன.

அந்த ஸ்டார்ட்டரைச் செய்தவர்கள் இரண்டு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். சேவை தருபவரைக் கழற்றி வேறொருவரை மாட்ட இடம் விட்டார்கள். யாருமே இல்லாவிட்டாலும் கையால் ஓட்ட வழி விட்டார்கள். பளபளப்பான பெட்டியில் வரும் ஸ்மார்ட் சுவிட்சில் நான் இப்போது தேடுவது இந்த இரண்டையும்தான்: சிம் போடும் இடம் எங்கே, பச்சைப் பட்டன் எங்கே?

இனி மாறும் வேலை. இதில்தான் மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள், காரணம் அவசரம்.

கோபத்தில் பழைய ஹப்பின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அது உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு உபகாரம். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த அறையில் எந்தக் கருவி, எந்த எண், எந்த மெயில் முகவரியில் பதிந்தது, அது வைஃபையில் ஓடுகிறதா, ஜிக்பீ, இசட்வேவ் போன்ற வேறு கம்பியில்லா முறையிலா என்று எழுதுங்கள். மணி ஆறானால் வாசல் விளக்கு, தொட்டி நிரம்பினால் மோட்டார் நிறுத்தம் என்று போட்டு வைத்த ஏற்பாடுகளையும் எழுதுங்கள். ஆப் போனால் அவையும் சேர்ந்து போகும், நினைவிலிருந்து மீட்பது சிரமம். பல வைஃபை கேமராக்கள் முதலில் பதிந்த கணக்கோடு கட்டுண்டவை. அந்தக் கணக்கிலிருந்து நீக்கினால்தான் வேறு கணக்கில் ஏறும். சர்வர் இருக்கும்போது நீக்குவது இரண்டு நிமிட வேலை. சர்வர் போனபின் முடியாது. பெல்கின் நிறுவனம் தன் வீமோ சேவையை 2026 ஜனவரி 31 அன்று நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தபோது, ஆப்பிளின் ஹோம் தளத்தில் சேரக்கூடிய கருவிகளைத் தேதிக்கு முன்பே அங்கே சேர்த்துவிடச் சொன்னது அதனால்தான்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீடு முழுக்க மாற்றாதீர்கள். ஓர் அறையை மாற்றி, ஒரு மாதம் பாருங்கள். அந்த மாதத்தில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒன்று கட்டாயம் வரும். காலையில் போய் மாலையில் கரண்ட் திரும்பும்போது புதுக் கருவி தானாக எழுந்து நிற்கிறதா, எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து தொலைக்கிறதா என்பது அன்று தெரிந்துவிடும். கடைக்காரர் காட்டும் டெமோவில் இது தெரியாது.

அடுத்து, மாறுகிறோம் என்று நினைத்து அதே இடத்துக்குத் திரும்பி வருவது. இந்தியக் கடைகளில் வெவ்வேறு பெயரில் விற்கும் மலிவு விலை ஸ்மார்ட் பல்புகள், பிளக்குகள் பலவற்றின் உள்ளே ஓடுவது சீனாவின் ஹாங்சோவில் 2014 இல் தொடங்கிய டூயா என்ற ஒரே தளம். பெட்டியில் பெயர் வேறு, ஆப்பில் நிறம் வேறு, போய்ச் சேரும் சர்வர் ஒன்று. பிராண்டை மாற்றியதால் வீடு மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். சோதிப்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ரௌட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைய வயரை மட்டும் கழற்றுங்கள். ரௌட்டரின் மின்சாரம் இருக்கட்டும். போன் வீட்டு வைஃபையில் இருக்க, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இப்போது எந்த சுவிட்ச் கேட்கிறதோ அதன் சாவி உங்கள் வீட்டில் இருக்கிறது. கேட்காதவற்றின் சாவி வேறெங்கோ.

என் வீட்டில் அந்தச் சோதனையில் ஒன்றும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவரும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க இசட்வேவ் கருவிகள் 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் அதற்கு ஒதுக்கியது 865. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது, அங்கத்தியதை இங்கே ஓட்டுவது சட்டப்படியும் சரியில்லை. ஜிக்பீயும் வைஃபையும் உலகெங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 120 வோல்ட்டுக்குச் செய்த பிளக்கை நம் 230 வோல்ட்டில் செருகினால் முதல் நாளே புகை வரும். ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும். சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் எதற்கு மாறுவது? மேட்டர் என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் நால்வரும் அதில் இருக்கிறார்கள். மேட்டர் கருவி வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசும். ஒரே கருவியை இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். ஏறக்குறைய சிம் போடும் இடம் அது. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், மென்பொருள் புதுப்பிப்பும் சில தனி வசதிகளும் இன்னும் செய்த நிறுவனத்தின் கையில்தான். கேமராக்கள் 2025 நவம்பரில் வந்த 1.5 பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தன. கருவியின் உடம்பில் ஒட்டியிருக்கும் மேட்டர் ஸ்டிக்கரையும் அதிலிருக்கும் 11 இலக்க எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். சுவரில் பதித்துப் பூசியபின் அதைப் பார்க்க போர்டைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி ஹோம் அசிஸ்டன்ட். நெதர்லாந்துக்காரர் பவுலஸ் ஸ்கவுட்சன் 2013 இல் தன் வீட்டு விளக்குகளுக்காக எழுதத் தொடங்கிய திறந்த மென்பொருள் அது. 2024 முதல் லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியில் வீட்டுக்குள்ளேயே ஓடும். நான் இதற்குத்தான் மாறினேன். என் நான்கு போர்டுகளில் இரண்டின் உள்ளே ஈஎஸ்பி8266 என்ற பரவலான சில்லு இருந்ததால், டாஸ்மோட்டா என்ற திறந்த மென்பொருளை ஏற்றிக் காப்பாற்ற முடிந்தது. மற்ற இரண்டையும் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. இதைச் செய்ய முயல்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த மாதிரி போர்டுகளில் பெரும்பாலானவற்றின் உள்மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து பிரிக்கப்படாதது. மெயின் இணைப்பு இருக்கும்போது கம்ப்யூட்டர் வயரைச் செருகினால் கம்ப்யூட்டரும் போகும், கையும் போகும். முழுக்கக் கழற்றி மேஜையில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

திறந்த மென்பொருளைப் புகழ்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதற்கு மாறிய நாள் முதல் சேவை நிறுவனம் நீங்கள்தான். நினைவட்டை பழுதானால், புதுப்பித்தலில் ஏதாவது உடைந்தால், போன் எடுக்க வேண்டியது நீங்கள். அமைத்துவிட்டு மகன் டொராண்டோவுக்குப் போய்விட்டால், கோரிப்பாளையத்தில் இருக்கும் பெற்றோருக்கு அதுவும் கைக்கெட்டாத சாவிதான். நல்ல எண்ணத்தில் மகன் கொண்டுபோன சாவி. நகல் எடுத்து வைப்பதும், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், மாதம் ஒருமுறை பார்ப்பதும் முடியாது என்றால், அந்த வீட்டுக்குச் சாதா சுவிட்சே போதும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விட்டுவந்த வீட்டிலும் வேலை பாக்கி இருக்கிறது. ஆப்பை அழிப்பது கணக்கை அழிப்பதாகாது. கணக்கு இருக்கும்வரை பழைய படங்களும் குரல் பதிவுகளும் யார் எப்போது வந்துபோனார்கள் என்ற குறிப்பும் அங்கேயே கிடக்கும். அந்த நிறுவனத்தை நாளை வேறொருவர் வாங்கினால் அவையும் கைமாறலாம். முதலில் பதிவுகளைத் தரவிறக்கி, பிறகு அழித்து, பிறகு கணக்கை மூடுங்கள். கேமராவைப் பொருத்திய ஆள் வசதிக்காகத் தன் போன் எண்ணிலேயே கணக்குத் தொடங்கியிருப்பதும் நம் ஊரில் உண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் கூடம் அவர் போனில் தெரிகிறது. கணக்கின் நிர்வாகி யார் என்று ஆப்பில் பாருங்கள், இன்றே.

கழற்றிய கருவியை அப்படியே பழைய இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். 2019 இல் ஓர் ஆய்வாளர் லிஃபெக்ஸ் பல்பு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, வீட்டு வைஃபையின் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே சில்லில் இருந்தது. கருவி இன்னும் உயிரோடு இருந்தால் ரீசெட் செய்துவிட்டுப் போடுங்கள். எப்படியும் மாறி முடித்தபின் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுவது உத்தமம். மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தால் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள்; ஆப்பை நீக்கினால் அது தானாக நிற்காது.

சட்டம் ஓரளவுக்குத்தான் கை கொடுக்கும். அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 2024 இல் 184 ஸ்மார்ட் பொருள்களை எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை காலம் மென்பொருள் ஆதரவு கிடைக்கும் என்பதை 163 பொருள்களுக்கு நிறுவனத்தின் இணையதளம் சொல்லவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அந்தக் காலத்தைச் சொல்லியே தீர வேண்டும், எல்லோருக்கும் பொதுவான சுலபக் கடவுச்சொல்லோடு விற்கவும் கூடாது. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு மட்டும் பாதுகாப்புப் பரிசோதனை 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேறியது; விதிகள் 2025 நவம்பரில் வந்தன; அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும் என்பது போன்ற முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். ஆகவே இப்போதைக்கு நம் பிடி நுகர்வோர் சட்டம். “வாழ்நாள் சேவை”, “சந்தா இல்லை” என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் போகவில்லை. பில்லைத் தொலைத்திருந்தேன்.

எதை மாற்றினாலும் சில இடங்களில் கையால் இயக்கும் வழி இல்லாத கருவியை நான் ஏற்க மாட்டேன். வாசல் பூட்டுக்கு இரும்புச் சாவி வேண்டும், அந்தச் சாவி வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பட்டன் வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் இருக்கும் விளக்குக்குச் சுவரில் சுவிட்ச் வேண்டும். புது போர்டு மாட்டிய அன்று அம்மா என்னிடம் கேட்டது அவ்வளவுதான்: “ஏப்பா, போனு இல்லாம இது எரியுமா? எரிஞ்சாச் சரி.”

மாற்றி முடிக்க ஐந்து வாரம் ஆனது. நாற்பது பக்க நோட்டு ஒன்று நிரம்பியது: கருவிகளின் ஸ்டிக்கர் எண்கள், கடவுச்சொற்கள் இருக்கும் உறையைப் பற்றிய குறிப்பு, எந்த எம்சிபியை அணைத்தால் எந்த அறை, பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் தம்பியின் எண், இணைய வயரைக் கழற்றிப் பார்த்த தேதிகள். அது இ.பி. கார்டோடு அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தை அம்மா சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் எழுதினேன். மோட்டார் பட்டன் மாடிப்படிக்குக் கீழே, இடது பக்கம். பச்சை போட, சிவப்பு நிறுத்த.